திண்ணை தானே மெழுகிக்கொள்ளுமா? தென்பெண்ணைக்காக எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் தென்பெண்ணையைப் பற்றி எழுதுகிறவர்கள், ஆய்வேடு செய்கிறவர்கள், மேடையில் பேசுகிறவர்கள் என உங்கள் எல்லோருக்குமான மடல் இது. ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள கெலவரப்பள்ளி அணையின் மதகுகளுக்குக் கீழே நுரை பொங்கும் ஒவ்வொரு முறையும் முதலில் குரல் கொடுப்பவர்கள் நீங்கள்தான். உங்கள் அக்கறையில் எங்களுக்குத் துளியும் ஐயமில்லை. எங்கள் கவலை, அண்மைக்காலமாக உங்கள் எழுத்துக்குள் வந்து அமர்ந்திருக்கும் ஒரு மொழிநடையைப் பற்றியது.

நுரை என்பது ஆற்றின் எதிர்வினை. ரசாயனத்துக்கும் செயலாண்மை, அதாவது தானே வினை செய்யும் ஆற்றல், உண்டு. மனிதர், பாக்டீரியா, மழை, சோப்பு, மதகு எல்லாம் பின்னிக் கிடக்கும் கூட்டமைவில் ஒற்றைக் குற்றவாளியைத் தேடுவது மனிதரை மையமாக வைக்கும் பழைய பார்வை. இப்படிப் போகிறது அந்தப் பேச்சு. இதற்குப் பின்னால் உள்ள சிந்தனையைப் புதிய பொருள்முதல்வாதம் என்கிறார்கள். மார்க்சியர்கள் சொல்லும் பொருள்முதல்வாதம் வேறு. அது உற்பத்திக் கருவி யார் கையில் இருக்கிறது என்று கேட்டது. இது பொருளே வினை செய்கிறது, மனிதரும் அந்த வினையாளிகளுள் ஒருவர் மட்டுமே என்கிறது.

இந்தச் சிந்தனை முழுக்கத் தவறு என்று சொல்ல வரவில்லை. பொருள் சும்மா கிடக்கும் சடம் அல்ல என்பதை நுரையைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். சலவைத்தூளில் உள்ள பரப்பு இயங்கிகள் கலந்ததும் அது வெகுவாகக் குறைகிறது. நீர் மதகிலிருந்து விழும்போது காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. குமிழிகள் உடையாமல் நிற்கின்றன. சாக்கடைக் கசடில் வளரும் இழை வடிவ பாக்டீரியாவும் புரதங்களும் குமிழிச் சுவரைத் தடிப்பாக்குகின்றன. வறண்ட மாதங்களில் பெங்களூரு ஏரிகளின் அடியில் படிந்தது, முதல் பெருமழையில் கலங்கிக் கீழே வருகிறது. அதனால்தான் ஒரே அளவு கழிவு வந்தாலும் ஒரு நாள் நுரை வரப்பைத் தொடுகிறது, இன்னொரு நாள் தண்ணீர் தெளிவாக இருப்பது போலத் தெரிகிறது. இதை எழுதுங்கள். எவ்வளவு விரிவாக வேண்டுமானாலும் எழுதுங்கள். பொருள் எப்படி இயங்குகிறது என்று சொல்வதில் எந்த ஆபத்தும் இல்லை.

யாரோ செய்த வினையைப் பொருளின் கணக்கில் எழுதிவிடும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

நம் இலக்கணம் இந்த வேறுபாட்டை நன்றாகவே அறிந்திருந்தது. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லும் வழக்கு உண்டு என்று தொல்காப்பியத்தின் வினையியல் ஒப்புக்கொள்கிறது. அதற்கு உரைகளில் வரும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. மெழுகியவர் ஒருவர் இருக்கிறார், சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்றாடப் பேச்சுக்கு அது போதும். ஆனால் ஒரு வினை முழுதாக அமைய என்னென்ன வேண்டும் என்று சொல்லும்போது நன்னூல் ஆறைக் கேட்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். 'ஆறு நுரைத்தது' என்ற வாக்கியம் 'திண்ணை மெழுகிற்று' வகையைச் சேர்ந்தது. கவிதையில் அது அழகாக இருக்கலாம். மனுவில், கிராம சபைத் தீர்மானத்தில், பத்திரிகைச் செய்தியில் அது ஆறில் ஐந்தை விட்டுவிட்ட வாக்கியம்.

இன்னொரு நுட்பமும் நம்மிடம் உண்டு. 'தச்சன் கோயில் கட்டினான்', 'அரசன் கோயில் கட்டினான்' இரண்டும் சரியான வாக்கியங்களே. தச்சன் இயற்றுதல் கருத்தா, அரசன் ஏவுதல் கருத்தா. உளியும் கல்லும் கருவி. அவை இல்லாமல் கோயில் இல்லை, ஆனாலும் அவை கருத்தா அல்ல. 1974ஆம் ஆண்டின் நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தின் 47ஆம் பிரிவு இதே பாகுபாட்டைச் செய்கிறது. குற்றம் செய்தது நிறுவனம் என்றால், அந்த நேரத்தில் அதன் அலுவலை நடத்தும் பொறுப்பில் இருந்தவர்களும் குற்றவாளிகள். தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய கவனம் எல்லாம் எடுத்தேன் என்றோ அவர்தான் நிரூபிக்க வேண்டும். இயக்குநரோ மேலாளரோ ஒப்புதல் தந்திருந்தால், கண்டும் காணாமல் இருந்திருந்தால், அசட்டையாக இருந்திருந்தால் அவரும் பொறுப்பு. ஏவுதல் கருத்தாவைப் பிடிக்கத்தான் அந்தப் பிரிவு. நீங்கள் வால்வையும் குழாயையும் மழையையும் இயக்குநரையும் ஒரே தட்டில் வைத்து 'கூட்டமைவு' என்று எழுதும்போது, அந்தப் பிரிவு பிடித்து வைத்த ஆளை உங்கள் வாக்கியம் விட்டுவிடுகிறது.

பல காரணங்கள் சேர்ந்து கேடு விளையும் என்பது சட்டத்துக்குத் தெரியாத செய்தி அல்ல. 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 17ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் பாருங்கள். பாதிப்பை ஒரே ஒரு செயலின்மேல் சுமத்த முடியாமல் பல செயல்களின் கூட்டு விளைவாக அது இருந்தால், அந்தச் செயல்களுக்குப் பொறுப்பானவர்களிடையே இழப்பீட்டை நியாயமாகப் பங்கிடலாம் என்கிறது. இருபது ஆலைகளும் ஒரு மாநகரமும் சேர்ந்து ஆற்றைக் கெடுத்திருந்தால் இருபத்தோரு பங்கு போடலாம். பொறுப்பைப் பரப்புவதற்கும் பங்கிடுவதற்கும் உள்ள தூரம் பெரிது. பங்கிட வேண்டுமென்றால் பெயர் வேண்டும், அளவு வேண்டும். பரப்பினால் இரண்டும் தேவையில்லை.

இந்தச் சிந்தனைப் பள்ளியில் அடிக்கடி எடுத்தாளப்படும் எடுத்துக்காட்டு ஒன்று, 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போன நிகழ்வு. எலக்ட்ரான்கள், மரங்கள், கம்பிகள், மென்பொருள், சந்தை விதிகள் எல்லாம் சேர்ந்து செய்தன. எந்த ஒருவரையும் முழுப் பொறுப்பாக்க முடியாது என்று அதை வாசித்தார்கள். இரு நாட்டுக் கூட்டுக்குழு 2004 ஏப்ரலில் வெளியிட்ட இறுதி அறிக்கை அந்த எலக்ட்ரான்களையும் மரங்களையும் விட்டுவிடவில்லை. ஆனால் அது கேட்ட கேள்வி வேறு. ஓஹியோவில் 345 கிலோவோல்ட் கம்பிகள் மூன்று ஏன் மரத்தைத் தொட்டன? கம்பிப் பாதையில் மரங்களை அளவாக வெட்டி வைக்க வேண்டிய ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனம் அதைச் செய்யவில்லை. கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு நின்றுபோனது, ஊழியர்களுக்கு அது தெரியவில்லை. மரம் வெட்டப்படவில்லை என்று எழுதியதால்தான் 2005ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம் வந்தது. அதுவரை விரும்பினால் பின்பற்றலாம் என்றிருந்த மின்கட்டமைப்பு விதிகள் கட்டாயமாகின. மரத்துக்குச் செயலாண்மை உண்டு என்று அறிக்கை முடிந்திருந்தால், அடுத்த ஆண்டும் மரம் வளர்ந்திருக்கும்.

'பொருள் செய்தது' என்ற வாதம் புதியதும் அல்ல. 1972 பிப்ரவரி 26 அன்று மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் நிலக்கரிக் கழிவுக் கரை உடைந்து 125 பேர் இறந்தார்கள். பிட்ஸ்டன் நிறுவனத்தின் தரப்பு அதைத் தெய்வச் செயல் என்றது. மழை பெய்தது உண்மைதான். கழிவைக் கொட்டிக் கொட்டி அதையே அணையாக்கி, போதிய வடிகால் இல்லாமல் நீரைத் தேக்கியது மழையல்ல. 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் இ-610 என்ற தொட்டிக்குள் நீர் போனது. நீரும் மீத்தைல் ஐசோசயனேட்டும் வினைபுரிந்து வெப்பம் ஏறி 40 டன் அளவில் நச்சு வெளியேறியது. பொருளின் ஆற்றல் அங்கே எவ்வளவு பயங்கரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தொட்டியைக் குளிராக வைத்திருக்க வேண்டிய குளிர்பதனச் சாதனம் அந்த ஆண்டு ஜூன் மாதமே நிறுத்தப்பட்டுவிட்டது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டுக் கிடந்தது. நிறுத்தியவர், கழற்றியவர், செலவைக் குறைக்கச் சொன்னவர் என்று ஆட்கள் இருக்கிறார்கள். யூனியன் கார்பைடு அப்போது சொன்னது என்ன? அதிருப்தி கொண்ட ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தண்ணீரை விட்டார் என்று.

இதைக் கூர்ந்து கவனியுங்கள். பொறுப்பை எல்லோருக்கும் பரப்பினால் அது சமமாகப் பரவாது. தண்ணீரைப் போலப் பள்ளத்துக்கு ஓடும். நம் ஊர் ஆலைகளில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை இரவில் இயக்குபவர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆள், பல நேரம் வெளிமாநிலத்தவர். டீசலை மிச்சப்படுத்து என்று மேலிருந்து சொல்லிவிட்டு, மாட்டிக்கொண்டால் ஆபரேட்டர் கவனக்குறைவு என்பார்கள். இயக்குநரும் ஆபரேட்டரும் வால்வும் ஒரே வலைப்பின்னலின் கண்ணிகள் என்று எழுதும் கட்டுரை அந்த ஆபரேட்டருக்கு எதிராகத்தான் வேலை செய்யும். அதற்கடுத்த பள்ளம் நம் வீடு: 'நீங்களும் துணி துவைக்கிறீர்களே?'

போபாலுக்கு ஓராண்டு கழித்து, 1985 டிசம்பர் 4 அன்று, டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் என்ற கடும் கந்தக அமில வகை கசிந்தது. அந்த வழக்கில் 1986 டிசம்பர் 20 அன்று உச்சநீதிமன்றம் முழுமைப் பொறுப்பு என்ற கோட்பாட்டை வகுத்தது. ஆபத்தான தொழிலை நடத்துபவர் தெய்வச் செயல் என்றோ மூன்றாம் மனிதர் செய்தது என்றோ தப்ப முடியாது. நிறுவனம் எவ்வளவு பெரியதோ இழப்பீடும் அவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்றது. 1868ஆம் ஆண்டிலிருந்து ஆங்கிலேயச் சட்டம் திறந்து வைத்திருந்த விலக்குகளை அந்தத் தீர்ப்பு மூடியது. நமக்குப் பக்கத்திலேயே, வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த வேலூர் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. குரோமியத்தின் செயலாண்மையைப் பற்றிய விவாதத்தால் அந்தத் தீர்ப்பு வரவில்லை. எந்த ஊரில் எத்தனை கிணறு, எந்த ஆலைக்கு இசைவாணை (மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி) இல்லை என்று எண்ணிக் கொடுத்ததால் வந்தது. 'எல்லாப் பொருளும் வினையாளி' என்ற பேச்சு, 1986இல் மூடிய கதவை நம் கையாலேயே திறந்து கொடுப்பது.

கதவைத் திறந்தால் உள்ளே வரக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நிறுவனம் நிலம் வாங்கும்போது, கடன் வாங்கும்போது, ஒப்பந்தம் போடும்போது சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். வழக்கு என்று வந்தால் துணை நிறுவனம், ஒப்பந்ததாரர், சப்ளையர், முன்னாள் உரிமையாளர் என்று பிரிந்துவிடுகிறது. யூனியன் கார்பைடை 2001இல் வாங்கிய டவ் கெமிக்கல், போபாலின் சுமை தன்னுடையதல்ல என்றே சொல்லிவந்தது. லாபத்துக்கு ஒருமை, கேட்டுக்குப் பன்மை. நாம் எழுதும் கோட்பாடு இந்தப் பழக்கத்துக்குக் கல்விப்புல மெருகு பூசிவிடக் கூடாது.

இதைக் காலத்தோடும் சேர்த்துப் பாருங்கள். ஜன் விஸ்வாஸ் என்ற 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் வழியாக, சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் 15ஆம் பிரிவில் விதிமீறலுக்கு இருந்த நேரடிச் சிறைத்தண்டனை 2024 ஏப்ரல் 1 முதல் நீங்கி, 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்றாகிவிட்டது. அந்தப் பிரிவில் நேரடிச் சிறை நீங்கிய பிறகு, எஞ்சியிருக்கும் முக்கியப் பிடி பணக்கணக்குதான். அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்தால் உங்கள் வாக்கியம் ஏன் முக்கியம் என்பது புரியும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் இழப்பீட்டுச் சூத்திரம் ஐந்து எண்களின் பெருக்கல். முதலாவது மாசுக் குறியீடு: மாசு மிகுந்த சிவப்பு வகைத் தொழிலுக்கு 80, ஆரஞ்சுக்கு 50, பச்சைக்கு 30. இரண்டாவது விதிமீறல் நீடித்த நாட்கள். மூன்றாவது ரூபாய்க் காரணி, வழக்கமாக 250. நான்காவது ஆலையின் அளவு: சிறிதுக்கு 0.5, நடுத்தரத்துக்கு 1, பெரியதற்கு 1.5. ஐந்தாவது இடக் காரணி. 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகைக்கு 1. ஒரு பெரிய சிவப்பு வகை ஆலை 90 நாள் விதிமீறியது என்று நிறுவினால் 80 × 90 × 250 × 1.5 × 1, அதாவது 27 லட்சம் ரூபாய். அதே ஆலை, அதே கேடு, ஆனால் 12 நாளுக்குத்தான் ஆவணம் இருக்கிறது என்றால் 3 லட்சத்து 60 ஆயிரம். இடையில் உள்ள 23 லட்சத்து 40 ஆயிரத்தையும் 'காலம்' என்ற ஒரே சொல் தீர்மானிக்கிறது. 'தென்பெண்ணை நெடுங்காலமாக வலியால் நுரைத்துக்கொண்டிருக்கிறது' என்று நீங்கள் எழுதினால் அந்தப் பெருக்கலில் போட ஒரு எண்கூடக் கிடைக்காது. செய்பவன் இல்லாததால் முதல் எண்ணும் நான்காவது எண்ணும் இல்லை. காலம் இல்லாததால் இரண்டாவது இல்லை. நிலம் இல்லாததால் ஐந்தாவது இல்லை.

தீர்ப்பாயத்துக்கும் கெடு உண்டு. சுற்றுச்சூழல் தகராறு என்றால் வழக்குக் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், இழப்பீடு கேட்டால் 5 ஆண்டு. இரண்டிலும் தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். 'இது மிகச் சிக்கலான வலைப்பின்னல்' என்று பேசிக்கொண்டிருக்கும்போது அந்த 6 மாதம் கரைகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுப்பும் முதல் ஆட்சேபமே பெரும்பாலும் காலதாமதம்தான்.

ஆற்றைச் சட்டப்படி நபராக்கிவிடலாம் என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். 2017 மார்ச் 20 அன்று உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்டப்படி நபர்கள் என்றது. அந்த ஆண்டு ஜூலை 7 அன்றே உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. வெள்ளத்தில் உயிர் போனால் ஆற்றின் காப்பாளராக்கப்பட்ட தலைமைச் செயலர்மீது வழக்குப் போடலாமா என்பது அம்மாநில அரசு எழுப்பிய கேள்விகளில் ஒன்று. உரிமை கொடுத்தால் பொறுப்பும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதை அந்தக் கேள்வி காட்டியது. இயற்கை அன்னைக்கு உயிருள்ள நபரின் உரிமைகள் உண்டு என்று மதுரைக் கிளை 2022 ஏப்ரலில் சொன்னது. மனதுக்கு நிறைவான தீர்ப்பு. ஆனால் நபரான ஆறு வழக்குப் போடும்போதும் எதிர்மனுதாரர் என்ற இடத்தில் ஒரு பெயர் வேண்டும். அந்த இடத்தை நிரப்பும் உழைப்பு அப்படியேதான் இருக்கிறது.

அந்த உழைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் இங்கேதான் உங்கள் எழுத்து எங்களுக்குத் தேவை.

முதலில், நுரையை வைத்து எந்த ஆலையையும் பிடிக்க முடியாது. நந்திமலைப் பக்கம் பிறந்து, பெங்களூருவின் கிழக்குப் பகுதிச் சாக்கடையை பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வாங்கிக்கொண்டுதான் ஆறு ஓசூருக்கு வருகிறது. நுரையில் பெரும்பங்கு அந்த மாநகரத்தின் வீட்டுக் கழிவு. இதை மறைக்காமல் எழுத வேண்டும். அதற்குப் பொறுப்பு அந்த நகரத்தின் குடிநீர் வடிகால் வாரியமும் மாநில அரசும். நுரையையே மையமாக வைத்து எழுதுவதால், எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள ஆலைகள் 'எல்லாம் மேலேயிருந்து வருகிறது' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அவர்களைப் பிரித்தறிய வேறு அடையாளங்கள் உண்டு. நிக்கல், குரோமியம், துத்தநாகம் அதிக அளவில் இருந்தால் அது துணி துவைத்த நீரல்ல. முலாம் பூசும் பட்டறையையோ உலோகப் பரப்பைச் சுத்தம் செய்யும் ஆலையையோ தேடலாம். நீர்நிலையில் விடும் கழிவுக்கான பொது வரம்பு, லிட்டருக்கு நிக்கல் 3 மில்லிகிராம், துத்தநாகம் 5, மொத்தக் குரோமியம் 2, ஆறிணைதிறக் குரோமியம் 0.1. தருமபுரிப் பக்கம் மரவள்ளி அரைக்கும் சேகோ ஆலை என்றால் புளித்த வாடை, குறைந்த பி.எச். (அதாவது அமிலத் தன்மை), அதிக பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு), கூடவே சயனைடு. சயனைடுக்கு வரம்பு 0.2. மாங்கூழ் ஆலைக் கழிவு மாம்பழப் பருவத்தில் மட்டும் எகிறும், மற்ற மாதங்களில் ஓய்ந்திருக்கும். பருவமே அதன் கைரேகை.

மாதிரி நான்கு இடங்களில் வேண்டும்: எல்லைக்கு அருகே ஆற்றில் ஒன்று, தொழிற்பேட்டை ஓடையிலேயே ஒன்று, ஓடை ஆற்றில் சேரும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே எடுப்பது இரு நீரும் நன்றாகக் கலந்த இடமாக இருக்க வேண்டும். கரையோரமாகவே எடுத்தால் ஓடை நீர் மட்டுமே சிக்கி, கணக்கு பொய்யாகும். நுரையை அள்ளக் கூடாது. பரப்பு இயங்கிகள் நுரையில் பன்மடங்கு செறிந்திருக்கும், அந்த எண்ணை ஆய்வகத்தில் காட்டினால் எதிர்த்தரப்பு ஒரே நிமிடத்தில் உடைத்துவிடும். பரப்புக்கு ஓர் அடி கீழே பாட்டிலை இறக்கி நிரப்புங்கள். பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் சோப்புச் சோதனை கெட்டது. உலோகங்களுக்கு எடுக்கும் பாட்டிலில் பி.எச். 2க்குக் கீழே வரும்வரை நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் உலோகம் பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு குறைவாகக் காட்டும். சயனைடுக்கு நேர்மாறு: அமிலம் பட்டால் வாயுவாகப் போய்விடும், ஆகவே சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பி.எச். 12க்கு மேல் ஏற்ற வேண்டும். பி.ஓ.டி., சோப்பு இரண்டுக்கும் பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து 48 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றே, ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

செறிவு மட்டும் போதாது. நல்ல தண்ணீரைக் கலந்தால் செறிவு தானாகக் குறையும். வெளியேறும் மொத்தம் குறையாது. ஓட்டத்தையும் அளந்துவிடுங்கள். ஓடையில் 10 மீட்டர் தூரம் குறித்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். 25 விநாடி என்றால் வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர். அடியில் ஓட்டம் மெதுவாக இருக்குமென்பதால் 0.85ஆல் பெருக்கினால் 0.34. ஓடை 60 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு ஏறத்தாழ 20 லிட்டர். இரவு 6 மணி நேரம் ஓடினால் 4 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். அதில் நிக்கல் லிட்டருக்கு 4 மி.கி. என்றால் ஒரே இரவில் ஒன்றே முக்கால் கிலோ நிக்கல் ஆற்றுக்குப் போயிருக்கிறது. இந்த ஒரு வரியில் கருவி, நிலம், செயல், காலம் எல்லாம் வந்துவிடுகின்றன.

நாம் எடுக்கும் மாதிரி நீதிமன்றச் சான்றாகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர், ஆலைக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்; ஆலைத் தரப்பு வேண்டுமென்றே வராமல் இருந்தால் அலுவலர் கையெழுத்தே போதும். இந்த முறைப்படி எடுத்தால்தான் அந்த முடிவு செல்லும். நம் மாதிரி செய்வது, எந்த இடத்தில், எந்த நேரத்தில் வர வேண்டும் என்று அலுவலருக்குச் சொல்வது. பகல் 11 மணிக்கு வந்து தெளிந்த நீரை எடுத்துக்கொண்டு போகும் ஆய்வு எதற்கும் உதவாது. இரவு 2 மணி, மழை நாள் என்று தேதியோடு எழுதிக் கொடுத்தால் அதை ஒதுக்கிவிடுவது கடினம். அலுவலகம் அசையவில்லை என்றால் 49ஆம் பிரிவு இருக்கிறது: வாரியத்துக்கு 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நேரே குற்றப் புகார் செய்யலாம். அப்படிச் செய்பவர் கேட்டால் வாரியம் தன்னிடமுள்ள அறிக்கைகளைத் தர வேண்டும். பொதுநலனுக்கு எதிரானது என்றால் மட்டுமே மறுக்கலாம்.

ஆற்றுக்கு வெளியேயும் சாட்சி உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இசைவாணை நகலைக் கேளுங்கள். நாளொன்றுக்கு எத்தனை கிலோலிட்டர் கழிவு, எந்த வழியாக எங்கே போக வேண்டும் என்பது அதில் இருக்கும். ஆண்டுதோறும் செப்டம்பர் 30க்குள் ஆலை தர வேண்டிய சுற்றுச்சூழல் அறிக்கையான ஐந்தாம் படிவத்தில் எவ்வளவு நீர் உள்ளே போனது என்பது இருக்கும். சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனி மின்மீட்டர் இருந்தால் அதன் பதிவேட்டைக் கேளுங்கள். உற்பத்தி ஏறிய மாதத்தில் அந்த மீட்டர் இறங்கியிருந்தால், காற்றூட்டும் இயந்திரம் நின்றிருக்கிறது. உள்ளே 100 கிலோலிட்டர் போய், பொருளிலும் ஆவியிலும் 30 கழிந்து, சுத்திகரிப்புப் பதிவில் 40தான் காட்டுகிறதென்றால் மீதி 30 எங்கே என்று கேட்கும் கேள்விக்கு எந்தத் தத்துவமும் பதில் சொல்லித் தப்ப முடியாது.

தருமபுரியின் ஃப்ளோரைடைச் சுட்டிக்காட்டி நீங்கள் கேட்கக்கூடும்: இங்கே குற்றவாளி யார், பாறைதானே? ஆம், பாறைதான். நம் நிலத்தடிப் பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து அது கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் போனால் பல்லையும் எலும்பையும் தாக்குகிறது. ஆலைகள் வருவதற்கு முன்பே அது இங்கே இருந்தது. பொருள் வினை செய்கிறது என்ற பேச்சுக்கு நம் மாவட்டத்தில் இதைவிட நேர்மையான எடுத்துக்காட்டு இல்லை. ஆனாலும் பாறை பொறுப்பேற்கவில்லை. அரசு ஏற்க வேண்டியிருந்தது. 1,928.80 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் தணிப்புத் திட்டம் வந்தது அப்படித்தான். இன்னொன்றையும் யோசியுங்கள். நாளை ஒரு ஆலை ஃப்ளோரைடுக் கழிவை விட்டால் அதன் முதல் பதில் 'இந்த மண்ணிலேயே இருக்கிறதே' என்பதாக இருக்கும். அதற்கு மறுமொழி, ஆலை வருவதற்கு முந்தைய கிணற்று அளவுகள். குடிநீர் வடிகால் வாரியத்தின் பழைய சோதனை முடிவுகளை ஊர்வாரியாகத் தொகுத்து வைப்பது, உங்களில் ஆய்வு மாணவர்களாக இருப்பவர்கள் ஓராண்டில் செய்து முடிக்கக்கூடிய வேலை. பாறையின் பங்கையும் ஆலையின் பங்கையும் பிரித்துக் காட்டும் கத்தி அது.

எனவே நாங்கள் கேட்பது இதுதான். கவிதையிலும் கதையிலும் ஆறு பேசட்டும், அழட்டும், சினக்கட்டும். ஆனால் மாவட்ட ஆட்சியரிடம் தரும் மனு, விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் வைக்கும் கோரிக்கை, கிராம சபைத் தீர்மானம், செய்தியாளரிடம் சொல்லும் இரண்டு வரி, இவற்றில் தன்வினையை விட்டுவிட்டுப் பிறவினையில் எழுதுங்கள். 'கழிவு கலந்தது' வேண்டாம், 'கழிவைக் கலந்தார்கள்'. 'ஏரி தூர்ந்தது' வேண்டாம், 'ஏரியைத் தூர்த்தார்கள்'. யார் என்று தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதுங்கள்: 'செய்தவர் யாரென்று வாரியம் கண்டறிய வேண்டும்.' அந்த வெற்றிடம் தெரிய வேண்டும். அதை ஆற்றைக் கொண்டோ மழையைக் கொண்டோ நிரப்பிவிட்டால், தேட வேண்டிய கடமை உள்ளவர் தேடாமல் இருந்துவிடுவார்.

அடுத்த கிராம சபை அக்டோபர் 2 ஆக இருந்தாலும் நவம்பர் 1 ஆக இருந்தாலும், கெலவரப்பள்ளி, காவேரிப்பட்டினம், இருமத்தூர், அனுமன்தீர்த்தம் என்று ஆற்றோர ஊர்களில் கொண்டுவரும் தீர்மானம் இப்படி இருக்கட்டும்: 'இன்ன தேதி, இரவு இன்ன நேரம், இன்ன பாலத்துக்கு மேற்கே, இன்ன ஓடை வழியாக, இன்ன நிறத்தில், இன்ன வாடையோடு கழிவுநீரை விட்டிருக்கிறார்கள். ஓட்டம் விநாடிக்கு இத்தனை லிட்டர். இதனால் இத்தனை ஏக்கர், இத்தனை கிணறு பாதிப்பு. இந்த ஓடையில் கழிவு விட இசைவாணை பெற்ற, பெறாத ஆலைகளின் பட்டியலை மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் 30 நாளுக்குள் இந்த ஊராட்சிக்குத் தர வேண்டும். நீர்ச் சட்டம் 21ஆம் பிரிவுப்படி இரவு நேரத்தில் மாதிரி எடுக்க வேண்டும்.' வரைவை எங்களுக்கு அனுப்பினால் எண்களைச் சரிபார்த்து இரண்டு நாளில் திருப்பித் தருகிறோம். மாதிரிப் பாட்டிலும் பனிக்கட்டிப் பெட்டியும் எங்களிடம் இருக்கின்றன.

அன்புடன்,
தென்பெண்ணை நீரைச் சோதித்தும் மனு எழுதியும் வருவோர்
கிருஷ்ணகிரி, தருமபுரி